அடைத்த கோலோங்

மூவார் ஆற்றோரம் கால் ஊன்றி நின்ற பலகை வீடு ஒன்றுதான் ரம்ஜான் பீவிக்குக் கணவர் இறக்கும்போது விட்டுப்போனது. வீட்டுக்கும் தரைக்கும் நடுவில் ஆள் குனிந்து போகும் இடைவெளி. மலாய்க்காரர்கள் கோலோங் என்பார்கள். காற்று குறுக்கே ஓடிக் கால்களைக் காயவைக்கும். அங்கே கோழிக்கூடு வைக்கக்கூட அந்த மனுஷர் விட்டதில்லை.

அவர் மவுத்தானது ரப்பர் விலை விழுந்த வருஷம். அடுத்த மழைக்கு முன்பே, உப்பு வியாபாரம் செய்த அவள் தம்பி ருக்னுதீன் வந்து நின்றான்.

"லாத்தா, கோலோங் சும்மாதானே கெடக்கு? கொஞ்சம் உப்பு மூட்டை அடுக்கிக்கிறேனே."

"வேற என்ன வேணும்னாலும் கேளு தம்பி. உப்பு மட்டும் வேணாம். ஈரம் இறங்கிக் காலெல்லாம் இத்துப் போயிடும்."

"சரி, விடுங்க" என்று சிரித்துக்கொண்டே போனான்.

அவள் மகளின் பிரசவத்துக்கு ரெங்கம் ஊருக்குப் போய்த் திரும்பியபோது, கோலோங்கைச் சுற்றிப் பலகை அடித்துப் பூட்டியிருந்தது.

"சாரல் அடிக்குது லாத்தா. உங்களுக்காகத்தான் அடைச்சேன்." சாவியையும் அவனே வைத்துக்கொண்டான்.

அவளோ கடலுக்கு அப்பால், தரையோடு சுவர் எழுப்பிய ஊர் வீட்டில் வளர்ந்தவள். மூடினால் நனையாது என்றே நினைத்தாள். கண் கலங்கி அவனுக்காக துஆ கேட்டாள், பைத்தியக்காரி!

மழைக்காலம் முடிவதற்குள் தரைப்பலகை வியர்த்தது. ஆணிகள் துருவேறின. கேட்டால், "கடல் தண்ணி ஆத்துல ஏறுது லாத்தா" என்பான். வெள்ளிதோறும் அவள் கையால் சாப்பிட்டுவிட்டுத்தான் போவான்.

அன்றும் வெள்ளிக்கிழமை. பாய் விரிக்குமுன் பெருக்கும்போது ஒரு பலகை ஆணியோடு கையில் வந்தது. கீழே தரைப்பலகையை முட்டும் வரை மூட்டைகள், சொட்டச் சொட்ட. எட்டி வீட்டின் காலைத் தொட்டாள்; மரம் நாராக உரிந்தது. விரலை நாக்கில் வைத்தாள். கரித்தது.

"கூடப் பொறந்தவனாச்சே!" என்று வாய்விட்டு அழுதாள். அந்நியன் செய்திருந்தால் வயிறு இப்படி எரிந்திருக்காது. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, பலகையைப் பொருத்திப் பாயை விரித்துச் சமைக்கப் போனாள்.

ருக்னுதீன் ஜும்மா முடிந்து வந்து உட்கார்ந்தான். குழம்பைத் தொட்டு ஒரு வாய் வைத்தான்.

"என்ன லாத்தா, ஆணத்துல உப்பே இல்ல?"

அவள் பாயை விலக்கிப் பலகையைத் தூக்கினாள். மூட்டையைக் கிழித்து, ஒழுக ஒழுக ஒரு கைப்பிடி அள்ளி அவன் தட்டில் போட்டாள்.

"போதுமா தம்பி? இன்னும் வேணுமா? என் வீட்டுக்கு அடியில நெறைய இருக்கு."

அவன் நிமிரவில்லை. "மழை விட்டதும் எடுத்துடலாம்னுதான்... வீட்டுக்கு ஒண்ணும் ஆகலியே, லாத்தா."

அவள் தட்டைக் காட்டினாள். ஆணம் முழுவதும் ஒரே பக்கமாகச் சரிந்து ஆற்றுப்பக்கத்து ஓரத்தில் போய்த் தேங்கியிருந்தது.