நாலு நோட்டும் ஒரு செவலை நாயும்

செல்வமணி வாத்தியார் கையில் சால்வையோடு வந்து வாசலில் நின்றபோது ஆரோக்கியம்மாள் கையிலிருந்த விளக்குமாற்றைக் கீழே போடவில்லை. தொண்ணூற்றேழில் இதே ஆள்தான் அவள் அண்ணன் அருளப்பனின் நாவலை மாதா கோயில் முன்னால் போட்டுக் கொளுத்தியவர். ஊர் மானம் போச்சு என்று தொண்டை கிழியக் கத்தியவர். பன்னிரண்டு வருஷம் கழித்து, அருளப்பன் நினைவு விழாக் குழுவுக்கு அவர்தான் தலைவர்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் விழா, ஆரோக்கியம்மா. மெட்ராஸ்ல இருந்து பதிப்பகத்துக்காரக வாராக. அண்ணன் கடைசியா எழுதுன நாவல் ஒங்ககிட்டத்தான் இருக்காம்ல. மேடையில வச்சு அவுக கையில குடுத்துட்டீகன்னா நம்ம ஊருக்கே பெருமை."

நம்ம ஊர் என்று சொல்ல அவருக்கு நாக்கு கூசவில்லை. நாளைக்கு வாங்க என்று சொல்லி அனுப்பினாள்.

அருளப்பன் கதையை அந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பதினாறு வயதில் கூடலூரில் ஜீப்பில் தொற்றிக்கொண்டு குமுளி தாண்டிக் கேரளாவுக்கு ஓடினான். சந்தனக்கட்டை கடத்தினான். பிடிபட்டு ஜெயிலில் கிடந்தான், அங்கேயே மலையாளம் படித்தான். கப்பலில் சமையல்காரனாகப் போய் உலகம் சுற்றினான். திரும்பி வந்து எழுதிய இரண்டு நாவல்களை ஒருவரும் சீந்தவில்லை. மூன்றாவது நாவல் அவனை டெல்லியில் விருது மேடையில் ஏற்றிவிட்டது. அதற்கப்புறம் குடி, சர்க்கரை, ஒரு கால் போனது. ஒற்றைக் காலும் ஒரு தகரப் பெட்டியுமாகத் தங்கச்சி வீட்டில் வந்து விழுந்து, பதினாலு மாதம் படுக்கையில் கிடந்து செத்தான். சாகசம், சோகம் என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. பதினாலு மாதம் பீ மூத்திரம் அள்ளியது யார் என்று ஒரு பத்திரிகையும் எழுதவில்லை.

அந்த மூன்றாவது நாவல், ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போன கன்னிப்பெண் ஒருத்தி கெட்டுப்போய்ப் பிள்ளை பெறுகிற கதை. நடந்தது அதுவல்ல. எண்பத்தாறில் ஒரு மழை நாளில், ஆறு நாள் பெண் குழந்தையைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து ஆரோக்கியத்திடம் நீட்டியவன் அருளப்பன். "எம் பிள்ளதான். பெத்தவ செத்துப்போனா. ஒருத்தர்ட்டயும் மூச்சு விட்றாத" என்று சொல்லிவிட்டு அடுத்த ஜீப்பில் போய்விட்டான். தோட்டத்து அநாதைப் பிள்ளை என்றுதான் அவள் ஊரில் சொன்னாள். பாதிப் பேர் நம்பினார்கள்.

நாவலில் பெயரையெல்லாம் மாற்றியிருந்தான். ஆனால் ஆரோக்கியம் வளர்த்த காது கிழிந்த செவலைக் கோம்பை நாயை மட்டும் அப்படியே விட்டிருந்தான். அது கடிக்காத ஜீப் டிரைவர் கூடலூரில் கிடையாது. முதலில் படித்தவனே, "இது நம்ம ஆரோக்கியம் நாயாச்சே!" என்றுவிட்டான். கெட்டுப்போய்ப் பிள்ளை பெற்றவள் அவள்தான் என்று கூடப்பிறந்தவனே எழுதியபிறகு வேறு சாட்சி எதற்கு? பீடத்துக்குப் பூ வைக்கிற வேலையிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். அண்ணனைக் கேட்டதற்கு, "பேரத்தான் மாத்திட்டேன்ல" என்றான்.

அப்போதே அவள் உண்மையைப் போட்டு உடைத்திருப்பாள். ஆனால் பதினொரு வயது அருள்செல்வி பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "நான் அநாதை இல்லையாம்லம்மா! நீதான் என்னயப் பெத்தியாம்ல!" முகமெல்லாம் சிரிப்பு. ஆரோக்கியம் இல்லையென்றும் சொல்லவில்லை, ஆமென்றும் சொல்லவில்லை. அன்றோடு வாயை மூடிக்கொண்டாள்.

இப்போது அந்த அருள்செல்விக்குக் கல்யாணம். கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாகிவிட்டது. கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்கிற மூன்றாவது ஓலை, விழா நடக்கிற அதே ஞாயிற்றுக்கிழமை காலையில்.

வாத்தியார் போனதும் தகரப் பெட்டியைத் திறந்தாள். நாலு நோட்டு. உட்கார்ந்து படித்தாள். உண்மை முழுசாக இருந்தது. பிள்ளை அவனுடையது, தங்கச்சி மேல் குற்றமில்லை, எல்லாம் இருந்தது. ஆனால் எப்படி இருந்தது! கதாநாயகன் மழையில் நின்று தேம்புகிறான். மகள் கையால் கஞ்சி குடித்துக்கொண்டு, நான்தான் உன் அப்பன் என்று சொல்ல முடியாமல் தவிக்கிறான். படிக்கிறவன் அவனுக்காகத்தான் அழுவான். தங்கச்சிக்காரி நாலு இடத்தில் வந்து முணுமுணுத்துவிட்டுப் போகிறாள். பாவத்தையும் இவனே செய்வான், அதற்கு விழுகிற கண்ணீரையும் இவனே வாங்கிக்கொள்வானா? தூ என்று நோட்டிலேயே துப்பினாள்.

இதிலும் பெயர்கள் மாறியிருந்தன. இதிலும் அந்த நாய் வந்தது, காது கிழிந்து.

இதைக் கொடுத்தால் தன் பெயர் சுத்தமாகிவிடும். அந்த ஆசை அவளுக்கு வராமல் இல்லை. பன்னிரண்டு வருஷமாகக் கோயிலில் கடைசி வரிசையில் முட்டி போட்டவள் அவள். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம், "நான் அநாதை இல்லையாம்ல" என்று ஓடிவந்த முகம் ஞாபகம் வந்தது.

ஆரோக்கியத்துக்குத் திராட்சைத் தோட்டத்தில் பெட்டி போடுகிற வேலை. பெட்டிக்கு அடியில் தாள் விரித்துக் குலைகளை அடுக்க வேண்டும். சனிக்கிழமை காலையில் நாலு நோட்டையும் கூடையில் போட்டு எடுத்துப்போனாள். ஒவ்வொரு தாளாகக் குறுக்கே கிழித்துப் பெட்டியில் விரித்து, மேலே பழைய செய்தித்தாளைப் போட்டு, அதன்மேல் பன்னீர்த் திராட்சையை அடுக்கினாள். எல்லாம் கோட்டயம் லோடு. தமிழ் படிக்கிறவன் அங்கே எவன் இருக்கிறான்?

லோடு ஏற்றுகிற நேரத்துக்குச் செல்வமணி வாத்தியார் தோட்டத்துக்கே வந்துவிட்டார்.

"கரையான் அரிச்சிருச்சு வாத்தியாரே" என்றாள்.

"ஐயோ! எப்பேர்ப்பட்ட இழப்பு!" என்று நெஞ்சில் கை வைத்தார். சொல்லும்போதே நாளைக்குப் பேச வேண்டிய பேச்சு அவர் முகத்தில் ஓட ஆரம்பித்துவிட்டது. பக்கத்துப் பெட்டியிலிருந்து ஒரு கொத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, "நல்லா இனிக்குதே" என்றார். அவள் அந்தப் பெட்டியை இழுத்து மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை சாமியார் மூன்றாவது ஓலையை வாசித்தார். தடை சொல்ல ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. பூசை முடிந்ததும் அருள்செல்வி மெழுகுவர்த்தியோடு மாமன் கல்லறைக்குப் போனாள். பின்னாலேயே ஆரோக்கியமும் போனாள்.

"கரையான் அரிக்கிறதுக்கு முந்தி நீ படிச்சியாம்மா?"

"கொஞ்சம் படிச்சேன்."

"மாமா என்னயப் பத்தி ஏதாச்சும் எழுதியிருந்தாகளா?"

"ஒரு வரி இல்லத்தா."

பெண்ணுக்கு முகம் சுண்டிவிட்டது. "அம்புட்டுப் பாத்துக்கிட்டேனேம்மா. சாகும்போதுகூட எங் கையத்தான் பிடிச்சிருந்தாக" என்றவள், கல்லறை மேல் கையை ஊன்றி அழத் தொடங்கினாள்.

செத்த பிறகும் கண்ணீரை அவனே வாங்கிவிட்டான். ஆரோக்கியத்துக்கு வாய் நிறைய எச்சில் ஊறியது. பெண் பார்க்கிறாளே என்று விழுங்கிக்கொண்டு, முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். இருபத்து மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் வாயால் சொல்லாத பொய் அப்போதுதான் வந்தது.

"அழுகாதடி. ஒன்னயப் பெத்தவ நான் இருக்கேன்ல."