தொக்கு நாளில் ஒரு படப்பிடிப்பு

ஸோர்னிட்சா எல்லாவற்றையும் யோசித்திருந்தாள், மிளகாயைத் தவிர.

வெயில் எப்போது எந்தச் சுவரில் விழும், முற்றத்தில் யார் கார் எந்நேரம் கிளம்பும், ஒலிபெருக்கிக்கு மின்சாரம் யார் வீட்டு ஜன்னல் வழியாக வரும் என்று நாள்கணக்கில் மண்டையைக் குடைந்து திட்டம் போட்டிருந்தாள். ஆனால் செப்டம்பர் மாதச் சனிக்கிழமை என்றால் டான்யூப் ஆற்றங்கரையிலிருக்கும் ரூசே நகரத்தில் ஒரு குடியிருப்பு முற்றமும் சும்மா இருக்காது என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. அவளும் இதே ஊரில், இதே போன்ற முற்றத்தில், மிளகாய்ப் புகை குடித்து வளர்ந்தவள்தான். அதுதான் வெட்கக்கேடு.

அவளும் கல்லூரித் தோழன் போஷிதாரும் கேமராவும் கையுமாக வந்து நின்றபோது முற்றத்தின் நடுவில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் மேல், ஒரு ஆள் உட்கார்ந்து குளிக்கலாம் போன்ற அகலமான சட்டி. சுற்றிலும் தலைத்துணியும் ஏப்ரனுமாகப் பெண்கள். கோணிப்பைகளில், சுட்டுத் தோலுரித்துப் போட வேண்டிய, காரம் குறைந்த பெரிய சிவப்பு மிளகாய். குளிர்காலம் முழுக்க ரொட்டியில் தடவித் தின்ன, குடியிருப்பே கூடி மிளகாயும் தக்காளியுமாக லூத்தெனிட்சாத் தொக்கு கிளறும் நாள்.

"அத்தை, மத்தியானம் வரைக்கும் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிக்க முடியுமா?" என்று போஷிதார் கேட்டான். தாடியும் உடம்புமாகக் கரடி மாதிரி இருப்பான். குரல் மட்டும் பணிவானது.

பாவ்லினா அத்தை துடுப்பு போன்ற அகப்பையைச் சட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. "ஏன் தம்பி, டான்யூப் ஆத்தக் கொஞ்சம் தள்ளி ஓடச் சொல்லேன். அது கேட்டாலும் கேக்கும்."

பெண்கள் சிரித்தார்கள். ஸோர்னிட்சா தரையைப் பார்த்தாள்.

தள்ளிப்போடவும் வழியில்லை. போன சனிக்கிழமை மழை. மாணவர் இசைக் காணொளிப் போட்டிக்கு அனுப்ப நாளையே கடைசி நாள். கேமரா போஷிதாரின் மாமன் மகனுடையது; நாளைக் காலை அது ஒரு கல்யாணத்துக்குப் போயாக வேண்டும். ஆகவே கேமராவைச் சட்டிக்கு முதுகு காட்டித் திருப்பி, மஞ்சள் சுவரை மட்டும் படம்பிடிப்பது என்று முடிவானது. இனிப் பாடகி வர வேண்டியதுதான்.

பாடகி வந்தாள். வந்தவளைப் பார்த்ததும் போஷிதார் கேமராவைக் கீழே வைத்துவிட்டான்.

இவெத்தின் இடது கன்னம் பன் ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. ராத்திரி முழுக்கக் கடைவாய்ப்பல் வலி. விடிந்ததும் பல் மருத்துவரிடம் ஓடிப் பிடுங்கிக்கொண்டு நேரே இங்கே வந்திருக்கிறாள்.

"வலி இல்லடா," என்றாள் அவள், வாயின் ஒரு பாதியால். "இந்தப் பக்கம் என் வாயே இல்ல. அவ்ளோதான்."

"வாய் இல்லாம எப்படிடீ பாடுவ?"

"பாட்டுதான் ஏற்கெனவே பதிவு பண்ணியாச்சே. வாய அசைச்சாப் போதும்ல?"

சாதாரணப் பாட்டு என்றால் போதும்தான். இதில்தான் ஸோர்னிட்சாவின் இயற்பியல் மூளை புகுந்திருந்தது. காட்சி முழுவதும் கனவு போல மெதுவாக நகர வேண்டும், உதடு மட்டும் பாட்டோடு ஒட்டியிருக்க வேண்டும் என்பது அவள் யோசனை. அதற்கு வழி இருக்கிறது. கேமராவை இருமடங்கு வேகத்தில் ஓடவிட வேண்டும். பாட்டையும் இருமடங்கு வேகத்தில் ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, பாடகி அந்த வேகத்துக்கு வாயசைக்க வேண்டும். பிறகு படத்தைப் பாதி வேகத்துக்கு இறக்கினால் கூந்தல் மெதுவாக அலையும், புகை மெதுவாக எழும், உதடு மட்டும் சரியாகப் பாடும்.

இவெத் எழுதிய பாட்டு அது. கடைசி டிராலி பஸ்ஸைத் தவறவிட்ட பெண் தெருவில் தனியாக நிற்கிறாள். 'நில்லு, நில்லு, நானும் வர்றேன்' என்று பஸ்ஸின் விளக்கு மறையும் வரை கூப்பிடுகிறாள். கேட்டால் தொண்டை அடைக்கும். இருமடங்கு வேகத்தில் கேட்டால் அணில் ஒன்று சண்டை போடுவது போலிருக்கும்.

ஒலிபெருக்கி கீச்சிட்டது. இவெத் வாயசைத்தாள். வலது உதடு ஓடியது. இடது உதடு அசையாமல் தொங்கியது. மறுபடி ஓடவிட்டார்கள். மறுபடி. பாதி வாய் முன்னால் போக, பாதி வாய் அடுத்த வரிக்கு வந்து சேரவே இல்லை.

மூன்றாம் மாடி ஜன்னல் திறந்தது. ஒரு வழுக்கைத் தலை எட்டிப் பார்த்தது. "யாருடா அங்க எலியப் போட்டு நசுக்குறது?"

"கலை, மாமா, கலை!" என்றான் போஷிதார்.

"கலையா? பூனையக் கூப்பிடட்டுமா?"

ஜன்னல் மூடியது. அதன் பிறகும் பாட்டு ஓடியது. பல் பிடுங்கப் போட்ட ஊசியின் மரப்பு தெளிய மாலை ஆகும். அதற்குள் வெயில் போய்விடும். இவெத் சுவரோரம் உட்கார்ந்து கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். போஷிதார் திரும்பினான். அவன் எதற்குத் திரும்புகிறான் என்பது அவன் திரும்பும் முன்பே ஸோர்னிட்சாவுக்குத் தெரிந்துவிட்டது.

"ஸோரா, நீ நில்லு."

"நானா?"

"பாட்டு உனக்குத் தூக்கத்துலயும் தெரியும். எந்த வார்த்தை எந்த நொடில வரும்னு கணக்கே போட்டு வெச்சிருக்க. நில்லு."

"எனக்கு... முடியாது."

"முடியாதுங்கறதயே இவ்ளோ மெதுவாச் சொல்றியே. நீ ஸ்லோ மோஷனுக்குன்னே பொறந்தவ."

இவெத் சிரிக்கப் போய் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு அவளும் கெஞ்சும் கண்ணோடு பார்த்தாள். அதுதான் ஸோர்னிட்சாவை விழத்தட்டியது.

பள்ளிக்கூடப் புகைப்படங்கள் எல்லாவற்றிலும் அவள் யாரோ ஒரு உயரமான பையனின் தோளுக்குப் பின்னால் இருப்பாள். முதலாமாண்டில் ஆய்வுக் கட்டுரை வாசிக்க எழுப்பிவிட்டபோது, வகுப்பே பார்க்க, தண்ணீர் குடித்தாள், மறுபடி தண்ணீர் குடித்தாள், உட்கார்ந்துவிட்டாள். இந்தக் காணொளி வேலைக்கு அவள் வந்ததே, கேமராவுக்குப் பின்னால் நிற்பவரை யாரும் பார்ப்பதில்லை என்பதற்காகத்தான். உலகத்திலேயே பத்திரமான இடம் அது. இப்போது அதைத் தாண்டி ஏழெட்டு அடி நடந்து அந்தப் பக்கம் போக வேண்டும். போனால் அவள் முகம் போட்டி அரங்கின் பெரிய திரையில் வரும். கல்லூரி முழுக்கப் பார்க்கும். போகாவிட்டால் இவெத்தின் பாட்டு இந்த முற்றத்தோடு முடிந்துவிடும்.

போனாள்.

அதற்குள் மஞ்சள் சுவரில் நிழல் விழுந்திருந்தது. வேறு வழியில்லாமல் போஷிதார் கேமராவைச் சட்டிப் பக்கம் திருப்பினான். "பின்னாடி அவங்க தெரிஞ்சாத் தெரியட்டும். நீ என்னப் பாரு. இல்ல, என்னப் பாக்காத. கேமராவப் பாரு."

கேமராவின் கண்ணாடி ஒரு கிணறு மாதிரி இருந்தது. அணில் குரல் ஆரம்பித்தது. முதல் வரி போயிற்று. இரண்டாம் வரி போயிற்று. ஸோர்னிட்சாவின் உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டினாள். விலங்கு மாட்டியவள் போல ஆயிற்று.

"மறுபடி," என்றான் போஷிதார்.

மறுபடியும் அதேதான். அதற்கடுத்த முறை வாய் திறந்தது, ஆனால் மூட மறந்துவிட்டது. கண்ணில் நீர் கோத்தது. புகை என்று சொல்லிக்கொள்ளலாம்.

"சரி, என்ன விழுந்திருக்குன்னு பாத்துருவோம்," என்று போஷிதார் மடிக்கணினியைத் திறந்தான். குரலில் சத்தே இல்லை. மூவரும் படிக்கட்டில் நெருக்கி உட்கார்ந்தார்கள். அவன் படத்தைப் பாதி வேகத்துக்கு இறக்கி, பாட்டின் அசல் பதிவைச் சேர்த்து ஓடவிட்டான்.

திரையின் நடுவில் ஸோர்னிட்சா, அடையாள அட்டைப் படத்துக்கு நிற்பவள் போல. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏய்," என்றாள் இவெத். "ஏய். பின்னாடி பாருங்க."

ஸோர்னிட்சா ஒரு கண்ணைத் திறந்தாள்.

அவள் தோளுக்குப் பின்னால் நல்ல வெயிலில் ஆவி மெல்லச் சுருண்டு எழுந்தது. அதற்குள்ளிருந்து பாவ்லினா அத்தையின் முகம் வந்தது. துடுப்பைப் படகோட்டி போலத் தள்ளியபடி, சட்டியைப் பார்த்தபடி, அத்தை வாயசைத்துக்கொண்டிருந்தாள். நில்லு, நில்லு, நானும் வர்றேன். ஒரு எழுத்துப் பிசகவில்லை. பக்கத்தில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த ஸ்தெஃப்கா அத்தை தோலைத் துப்பிவிட்டு அடுத்த வரியைச் சரியாகப் பிடித்தாள். மிளகாய் உரித்த ஒருத்தி தலையை ஆட்டியபடியே பல்லவிக்கு வந்து சேர்ந்தாள். காலையிலிருந்து திரும்பத் திரும்ப ஓடியது காதில் ஏறி, அவர்களுக்கே தெரியாமல் வாய்க்கு வந்திருக்கிறது. அதுவும் அணிலின் வேகத்திலேயே.

இவெத்தின் குரல் அந்த முகங்களிலிருந்து வந்தது. ஒவ்வொருத்தியும் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டவள் மாதிரி இருந்தாள்.

"நான் வேண்டாம்!" என்று ஸோர்னிட்சா கத்தினாள். அவள் அவ்வளவு சத்தமாக எதையும் சொல்லி அவர்கள் கேட்டதில்லை. "நான் வேண்டவே வேண்டாம்! அவங்க போதும்!"

போஷிதார் இவெத்தைப் பார்த்தான். "உன் பாட்டுடீ. உனக்குச் சம்மதமா?"

"இன்னிக்கு என் மூஞ்சியப் பாத்தா டிராலி நின்னாக்கூட டிரைவர் எறங்கி ஓடிருவான். போய்க் கேளுடா, சீக்கிரம்."

பாவ்லினா அத்தை இடுப்பில் கைவைத்துக் கேட்டாள். "நாங்க பாடிட்டு நின்னா மிளகா யாரு உரிப்பா?"

"நாங்க உரிக்கிறோம் அத்தை."

"நீயா? அந்தக் கையாலயா? தோலோட சேத்து மிளகாயயும் உரிச்சிருவ." ஆனால் அதற்குள் அவள் தலைத்துணியை அவிழ்த்து முடியைச் சரிசெய்ய ஆரம்பித்திருந்தாள். "இரு, உதட்டுச் சாயம் போட்டுட்டு ஓடியாறேன்."

"அதுக்குள்ள தொக்கு அடிப்பிடிச்சா உன் சாயத்தத்தான் ரொட்டில தடவித் திங்கணும்," என்றாள் ஸ்தெஃப்கா அத்தை. தன் ஏப்ரனை மட்டும் சத்தமில்லாமல் திருப்பிக் கட்டிக்கொண்டாள்.

சாயம், தலைத்துணி, எல்லாம் ஆயிற்று. போஷிதார் கேமராவைத் தூக்கினான். பாட்டு கீச்சிட்டது. பெண்கள் எல்லாரும் வரிசையாக நிமிர்ந்து, கேமராவை நேராகப் பார்த்து, உறைந்து நின்றார்கள். ஒரு உதடும் அசையவில்லை. பாவ்லினா அத்தை கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தாள்.

போஷிதார் முனகினான். "போச்சு."

அந்தக் கைகளை ஸோர்னிட்சா பார்த்தாள். அந்த உறைவு எங்கிருந்து வருகிறது, எந்த இடத்தில் தொண்டையைப் பிடிக்கும் என்று அங்கிருந்த யாரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கிணற்றைப் பார்க்கச் சொன்னால் யாராலும் பாட முடியாது.

அவள் ஓடிப்போய்க் கேமராவை வாங்கித் தாழ்த்தினாள். "போஷோ, நீ அந்த ஓரமா உக்காந்து மிளகா உரி. கேமரா உன் மடில ஓடட்டும். எப்ப ஓடுதுன்னு யாருக்கும் சொல்லாத." பிறகு பெண்களிடம் திரும்பினாள். முகம் சிவந்தது, ஆனாலும் வார்த்தை வந்தது. "அத்தை, இது ஒத்திகைதான். நீங்க பாட்டுக்கு வேலயப் பாருங்க. சட்டில ஏதோ அடிப்பிடிக்கிற வாசன வருது."

"ஐயோ!" என்று பாவ்லினா அத்தை துடுப்பின் மேல் பாய்ந்தாள்.

எல்லாரும் சட்டியைச் சுற்றிக் குனிந்தார்கள். தக்காளி கொதித்துத் தெறித்தது, யாரோ சபித்தார்கள், யாரோ சிரித்தார்கள். ஸோர்னிட்சா ஒன்றும் சொல்லாமல் பாட்டைத் தட்டிவிட்டாள். முதல் வரி அப்படியே போயிற்று. இரண்டாம் வரியில் ஸ்தெஃப்கா அத்தை முணுமுணுத்தாள். பல்லவி வந்தபோது முற்றமே கீச்சுக் குரலில் பாடிக்கொண்டிருந்தது. மேலே ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. வழுக்கைத் தலை கத்தப் போய், கத்தாமல், 'நானும் வர்றேன்' என்பதை மட்டும் கட்டைக் குரலில் சேர்ந்து சொல்லிவிட்டு உள்ளே போயிற்று. போஷிதார் மடியில் கேமராவையும் கையில் மிளகாயையும் வைத்துக்கொண்டு, தாடிக்குள் பல் தெரிய, மெதுவாக நகர்ந்து நகர்ந்து ஒவ்வொரு முகமாகப் பிடித்தான்.

ஒத்திகை முடியவே இல்லை. கொடுத்த வாக்குப்படி மூவரும் மிளகாய் உரித்துக்கொண்டே படம்பிடித்தார்கள். சுட்ட தோலின் கரி ஸோர்னிட்சாவின் நகக்கண்ணில் ஏறியது, எரிந்தது. காலையிலிருந்து இறுகிக் கிடந்த தோள் எப்போது இறங்கியது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மாலை வெயில் கூரை ஏறியதும் கேமராவை மாமன் மகன் வந்து வாங்கிப்போனான். படிக்கட்டில் உட்கார்ந்தே போஷிதார் வெட்டி ஒட்டினான். இவெத் தலையை அவன் தோளில் சாய்த்து, இந்த முகத்தை இன்னும் கொஞ்ச நேரம் வை, இதை எடு என்று பாதி வாயால் அதிகாரம் செய்தாள். போட்டிக்கு அனுப்பியாயிற்று என்று திரையில் பச்சைக் குறி வந்தபோது ஸோர்னிட்சா மூச்சை விட்டாள். உடனே பசித்தது.

பாவ்லினா அத்தை ரொட்டித் துண்டுகளில் சூடான தொக்கைத் தடவி, வெள்ளைப் பாலாடைக்கட்டியை உதிர்த்துப் போட்டுக் கொண்டுவந்தாள். இவெத்தால் மெல்ல முடியவில்லை. வாசனை மட்டும் பிடித்தாள். பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு மடிக்கணினியைச் சுற்றி நின்றார்கள். தங்கள் முகம் வரும்போதெல்லாம் அலறினார்கள். "எம்மா, என் கழுத்தப் பாரு, வான்கோழி மாதிரி!" பாட்டு முடியப் போகும் நேரத்தில் மட்டும் சத்தம் அடங்கியது. திரையில் ஆவி மெல்ல எழுந்தது. ஒருவரும் விதை கொறிக்கவில்லை.

முடிந்ததும் பாவ்லினா அத்தை மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டாள்: "எல்லாம் சரி கண்ணு. இதுல நீ எங்க இருக்க?"

"நான் எங்கயும் இல்ல அத்தை," என்று வாய் நிறைய ரொட்டியோடு சொன்ன ஸோர்னிட்சா, இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினாள்.