கருத்தில் ஓடும் கார்

எங்கள் ஊரில் வண்டிகள் கருத்தில் ஓடுகின்றன. காலையில் பல் தேய்த்த கையோடு வந்து, பெட்ரோல் மூடியைத் திறந்து, வாயை அருகில் வைத்துக் கருத்தைச் சொல்ல வேண்டும். பின்சக்கர இழுவைதான் சிறந்தது என்று உறுதியாகச் சொன்னால் எட்டு கிலோமீட்டர் போகும். பக்கத்து வீட்டுக்காரர் மறுத்துப் பேசினால் பன்னிரண்டு. அவரும் ஒத்துக்கொண்டுவிட்டால் புகைதான் வரும்.

யாருடைய கருத்தோ, அவர் போகும் இடத்துக்குத்தான் வண்டி போகும். என் கணவர் வைத்தியலிங்கம் இறப்பதற்கு முதல் நாள், கார்புரேட்டரைப் பற்றி நீளமாக ஒரு கருத்து சொல்லி நிரப்பியிருந்தார். அவர் போன பிறகும் அதில் மூன்று வாரம் ஓடியது. தினமும் ஐந்து மணிக்கு என்னை ஏற்றிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போகும். அங்கே ஒரு மணி நேரம் நிற்கும். திரும்பி வரும். நான் வழக்கம்போல் இடது இருக்கையில் இருப்பேன். வலது இருக்கையில் அவருடைய தலையெண்ணெய் வாசனை இருக்கும். மூன்றாம் வெள்ளிக்கிழமை, இருமிக்கொண்டே வந்து வீட்டு முற்றத்தில் நின்றுவிட்டது.

நாற்பது நாள் ஓடாத வண்டியை நகராட்சி நினைவுச்சின்னமாக்கிவிடும். கண்ணாடி, கதவு எல்லாவற்றின் மேலும் வெள்ளிப் பெயின்ட் அடித்து ரவுண்டானாவில் நிறுத்துவார்கள். பிறகு கதவு திறக்காது. அங்கே ஏற்கெனவே ஒரு பீரங்கி வண்டி நிற்கிறது.

முப்பத்தெட்டாம் நாள் பெயின்டர் சம்பங்கி வந்து அளவெடுத்தார்.

"எந்தப் பக்கம் பாத்து நிக்கணும்னு யோசிச்சு வைங்கம்மா. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரே தூசி. போஸ்ட் ஆபீஸ் பக்கம்னா பார்வையா இருக்கும்."

"அதுக்குள்ள ஓடிட்டா?"

"கேட்டுக்கு வெளிய போய்ட்டு வந்துட்டா, நான் டப்பாவைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவேன்."

எனக்கு அந்தக் கதவு திறக்க வேண்டும். தலையணையிலிருந்து அந்த வாசனை எப்போதோ போய்விட்டது. ஆனால் வண்டிகளைப் பற்றி எனக்கு எந்தக் கருத்தும் இருந்ததில்லை.

ராணுவத்தில் பீரங்கி வண்டி ஓட்டிய சுபேதார் தணிகாசலத்தைக் கூப்பிட்டேன். மூடியைத் திறந்து விறைப்பாக நின்றார். "ரிவர்ஸ் கியர் பின்வாங்கறதுக்கு இல்ல. திரும்பி அடிக்க இடம் எடுக்கறதுக்கு" என்றார். கார் நின்ற இடத்திலேயே ஒரு சுற்று சுற்றியது. மல்லிகைப் பந்தலை மிதித்துக்கொண்டு பின்னால் போய், முருங்கை மரத்தடியில் நின்று, இரண்டு கிளைகளை இழுத்து மேலே போட்டுக்கொண்டது. சாயங்காலம்வரை அசையவில்லை.

"நல்ல பொசிஷன்மா" என்றார் சுபேதார்.

மறுநாள் டயர் கடை பிலோமினா வந்தாள். கார் பந்தயம் என்றால் அவளுக்குச் சோறு வேண்டாம். "வளைவுல பிரேக் போடுறவ வீட்லயே இருக்கணும்" என்று உள்ளே சொன்னாள். கார் கிணற்றைச் சுற்றிப் பதினைந்து ரவுண்டு வந்தது. ஐந்து ரவுண்டுக்கு ஒருமுறை நின்றது. பிலோமினா ஓடிப்போய் நான்கு டயரையும் மாற்றினாள். கடைசியில் கிளம்பிய இடத்திலேயே வந்து நின்றது.

"கேட்டைத் தாண்டவே இல்லையே பிலோமினா."

"பந்தயக் கார் எங்கக்கா போவும்? பொறப்பட்ட இடத்துக்கே சீக்கிரமா வரும். அதுக்குத்தான் கப்பு குடுக்கறாங்க."

"இதுக்கு என் மரத்தடியே தேவலை" என்றார் வேடிக்கை பார்க்க வந்திருந்த சுபேதார்.

"ஒளிஞ்சுக்கறதுக்கு எதுக்கு சார் இஞ்சினு?"

இருவரும் மூடியருகே நின்று சண்டை போட்டதில் இடது சக்கரங்கள் முன்னாலும் வலது சக்கரங்கள் பின்னாலும் சுற்றின. நான் மூடியைச் சாத்தினேன்.

நாற்பதாம் நாள் காலையில் சம்பங்கி பெயின்டைக் குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தார். சுபேதாரும் பிலோமினாவும் மரியாதைக்கு வந்து நின்றார்கள். நான் மூடியைத் திறந்து குனிந்தேன். உள்ளே இருட்டாக இருந்தது. யாரோ காது கொடுத்துக் கேட்பதுபோல் இருந்தது.

"உன்னை எனக்குப் பிடிக்காது" என்றேன். "கதவை நாலு தரம் அறைஞ்சாத்தான் சாத்திக்கும். மழை வந்தா என் முழங்கால்ல மட்டும் ஒழுகும். ஞாயித்துக்கிழமை எல்லாம் உன் அடியில படுத்திருந்தார். உன்னைப் பத்திப் பேசினதுல பாதி என்கிட்ட பேசியிருக்கலாம்."

இஞ்சின் இருமாமல் கிளம்பியது.

"இது எவ்ளோ தூரம் போகும்?" என்றார் சம்பங்கி.

"நாப்பது வருஷச் சரக்கு" என்றார் சுபேதார். "டெல்லி போய்ட்டு வரலாம்."

நான் இடது இருக்கையில் உட்கார்ந்தேன். கதவு முதல் தரத்திலேயே சாத்திக்கொண்டது. கேட்டைத் தாண்டியதும் சம்பங்கி டப்பாவை மூடும் சத்தம் கேட்டது. ஒர்க்‌ஷாப் திருப்பத்தில் கார் திரும்பவில்லை. நேராக அணைக்கட்டுக்குப் போனது. கல்யாணமான வருடத்திலிருந்து நான் அவரைக் கூட்டிப்போகச் சொல்லிவந்த இடம். தண்ணீர் குறைவாக இருந்தது. இரண்டு கொக்குகள் இருந்தன. வலது இருக்கையின் வாசனையும் நானும் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

திரும்பும்போது ரவுண்டானாவில் பீரங்கி வண்டியைக் கண்ணாடி இறக்கிப் பார்த்தேன். குழாய்க்குள் மைனா கூடு கட்டியிருந்தது.

"இவ்வளவு பெரிய உடம்பை வச்சுக்கிட்டு இப்படியா சும்மா நிக்கிறது" என்றேன்.

அது பீடத்திலிருந்து இறங்கிப் பின்னாலேயே வந்தது. வீட்டுக்கு வந்ததும், சக்கரச் சங்கிலிகளைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே வரச் சொன்னேன். பால் கொஞ்சம்தான் இருந்தது. காப்பியைச் சற்றுத் தண்ணீராகக் கலந்தேன்.