அப்பாவைச் சாகடித்த படம்

சேனலுக்குக் காட்டிய மாதிரி எபிசோட் இருபத்திரண்டு நிமிடம். முழு நீளச் சிரிப்பு என்று சொல்லித்தான் காட்டினார்கள். பார்த்தவர்களில் ஒருவர்கூடப் பல்லைக் காட்டவில்லை. எழுதியவன் முகத்தில் ஈயாடவில்லை. அதில் வரும் வாயாடி அப்பா வேறு யாருமில்லை, அவனுடைய சொந்த அப்பாதான். பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வுபெற்றவர், குளியலறைக்குள் இருந்துகூட ஜோக் சொல்லும் மனிதர். "என் கதை டிவில வரப்போவுது" என்று தெருவெல்லாம் தம்பட்டம் அடித்திருந்தார்.

இரண்டு வருடம் கழித்து ஒரு தயாரிப்பாளர் அதையே சினிமாவாக்கலாம் என்று வந்தார். ஏற்கெனவே எடுத்த அந்த இருபத்திரண்டு நிமிடத்தைத் தூக்கிப்போட அவருக்கு மனசில்லை. ஆனால் அப்பாவாக நடித்தவர் இனி வர முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

"வராட்டி போறாரு. முதல் சீன்லயே சாகடிச்சிரு. பழசையெல்லாம் மகன் நினைச்சுப் பாக்குற மாதிரி வச்சுக்கலாம்" என்றார் தயாரிப்பாளர்.

அப்படித்தான் சிரிப்புக் கதை சாவு வீட்டுக் கதையானது. மகனின் துக்கத்தை எழுத உட்கார்ந்தவனுக்கு ஒரு வாரமாக ஒன்றும் ஓடவில்லை. பக்கத்து அறையில் அப்பா போனில் யாரிடமோ நூறாவது தடவையாகத் தன் பஸ்ஸில் ஏறிய ஒரு பயணியின் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். எரிச்சலில் மகன் பேசுவதாக ஒரு வசனம் எழுதினான்: "இன்னிக்குத்தான் இந்த வீட்ல மனுஷன் மூச்சு விட முடியுது."

மறுநாள் அந்த வரியை அடித்துவிடலாம் என்றுதான் இருந்தான். தயாரிப்பாளர் அதைப் படித்துவிட்டு எழுந்து வந்து கட்டிப்பிடித்தார். பாராட்டு பொல்லாதது. வசனம் தங்கிவிட்டது.

"சோகப் படம்ப்பா, நீங்க வர வேணாம்" என்று படம் வெளியான அன்று கெஞ்சிப் பார்த்தான்.

"என் படத்துக்கு நானே வரலன்னா எப்படிடா?" என்று இஸ்திரி போட்ட சட்டையோடு முதல் ஆளாகக் கிளம்பி நின்றார் அப்பா.

தியேட்டரில் அவன் அப்பாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தான். அந்த வசனம் அவர் காதில் விழக்கூடாதே என்று, அது வரும் இடத்தில் வேண்டுமென்றே இருமினான். பாழாய்ப்போன அரங்கம் அந்த நேரம் பார்த்து அடங்கிக் கிடந்தது. இருமலையும் மீறி வசனம் ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. யாரோ விசும்பினார்கள். பிறகு கைதட்டல். அப்பாவும் தட்டினார்.

வெளியே வந்து வெகுதூரம் நடந்த பிறகுதான் அவர் வாய் திறந்தார்.

"மூச்சு விட முடியுதுன்னு வந்துச்சே, அது யாருப்பா எழுதினது?"

"டைரக்டர் சேத்ததுப்பா."

அப்பா தலையாட்டினார்.

"அவரு நம்ம வீட்டுப் பக்கமே வந்ததில்லையேப்பா."