ரெண்டும் சமம்

ஞானசெல்வி ஊன்றிய எல்லைக் குச்சியை ஊர்ப் பெரியவர் ஜெபமணி இரண்டு முறை பார்த்தார். காமயகவுண்டன்பட்டியில் சொத்துப் பிரித்தால் மூத்தவர் பாகம் போட வேண்டும், இளையவர் அதில் தனக்குப் பிடித்ததை முதலில் எடுக்க வேண்டும். மூத்தவனான அவள் புருசன் செத்துப்போனதால் பாகம் போடும் வேலை அவளுக்கு வந்தது. கொழுந்தன் பீட்டர்ராஜ் தேனியிலிருந்து வந்து, சட்டை கசங்காமல் காரருகே நின்றான்.

"யோசிச்சுத்தான் போட்டியா, ஆத்தா?" ஜெபமணி கேட்டார்.

"ஆமாய்யா. ரெண்டும் சமம்."

கயிறு பிடித்து அளந்திருந்தாள். மேற்கே ஒரு ஏக்கர், கிழக்கே ஒரு ஏக்கர், கிணறு பொது. மேற்கில் பன்னீர் திராட்சைப் பந்தல். கிழக்கில் மாமனார் காலத்திலிருந்தே கருவேலம். பந்தலை அவள் கணக்கில் சேர்க்கவே இல்லை. கல்தூண் ஊன்றிக் கொடி ஏற்றியது அவளும் புருசனும். அவன் போனபிறகு கவாத்து வெட்டியதும் மருந்தடித்ததும் சொத்தைக் காய் பொறுக்கியதும் அவள் ஒருத்தி. பெற்ற பிள்ளையை யாராவது பாகத்தில் வைப்பார்களா? ஊருக்கே தெரிந்தது கொழுந்தனுக்கா தெரியாது என்று இருந்துவிட்டாள். அப்படி ஒரு வெள்ளந்தி.

பீட்டர்ராஜ் மேற்கே கை காட்டினான்.

"தம்பி, அது நான் வளத்த கொடி."

"இல்லேங்கலையே மதினி. சமம்னு நீங்கதான சொன்னீக?"

"மண்ணச் சொன்னேன்."

"கொடியும் மண்ணுலதான நிக்குது."

அவள் ஜெபமணியைப் பார்த்தாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "எடுத்தபெறகு மாத்துற வழக்கம் இங்கன இல்லையே, ஆத்தா."

ஞானசெல்விக்குக் கொழுந்தன்மேல் வந்த ஆத்திரத்தைவிடத் தன் வாய்மேல் வந்ததுதான் பெரிது. காய்த்துத் தொங்கும் தோட்டமும் முள்ளுக்காடும் ஒன்று என்று அவளேதான் சொல்லியிருக்கிறாள். இரண்டுக்கும் நடுவே கிடந்த அத்தனை வருச வேலைக்கு அவளே பூஜ்யம் போட்டிருக்கிறாள். வேறு யாராவது போட்டிருந்தால் சண்டைக்காவது போயிருக்கலாம்.

பீட்டர்ராஜ் பந்தலுக்குள் குனிந்து நுழைந்தான். "எனக்கு இதுல ஒண்ணுந் தெரியாது மதினி. நீங்களே வந்து பாத்துக்கிருங்க. வெளியாளுக்குக் குடுக்குறதவிட கூடவே கூலி தாரேன்."

மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் பொறுக்கவில்லை. கொடி கைவிட்டுப் போனபிறகு அவள் கைக்கு ஒரு விலை வந்திருக்கிறது.

"வேற ஆளப் பாருங்க."

வீட்டுக்கு வழி பந்தலின் நடுவேதான். சுருளி மலைப் பக்கம் மேகம் இறங்கியிருந்தது. தலைக்கு நேரே தொங்கிய குலையில் வெடித்த பழம் ஒன்றில் ஈ மொய்த்தது. விட்டால் குலை முழுக்க அழுகிவிடும். அவள் அதைக் கிள்ளி எறிந்த பிறகுதான் பீட்டர்ராஜ் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. விரலில் வழிந்த சாற்றைச் சேலையில் துடைத்தாள். துடைக்கத் துடைக்கப் பிசுபிசுத்தது.