கைமாறிய இருமல்

ஆம்ப்ரோஸை அடக்கம் செய்த பிறகும் அவருடைய இருமல் நீலசந்திரா ஏரியாவில் இருந்த வீட்டிலேயே தங்கிவிட்டது. பொம்மசந்திரா ஃபேக்டரியில் பல வருஷம் ஸ்ப்ரே பெயின்ட் அடித்தவரின் இருமல் அது. பால் பாக்கெட் வரும் நேரத்துக்குக் கட்டில் மூலையில் தொடங்கும், கொஞ்சம் இழுக்கும், பிறகு அடங்கும். அவர் மனைவி பவுலின் முதலில் பயந்தாள். பிறகு கட்டிலருகே செம்பில் தண்ணீர் வைத்தாள். பிறகு அந்தச் சத்தத்துக்கு எழுந்து ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போகப் பழகிக்கொண்டாள். மாடியில் இருந்த வீட்டுக்காரம்மா சந்திரம்மா, பக்கத்து போர்ஷனுக்கு ஆள் வந்தால் தண்ணீர் வரும் நாளோடு இருமலையும் சொல்லித்தான் அட்வான்ஸ் வாங்கினார்.

ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் கடன் வாங்கியிருந்தார்கள். அந்தக் கம்பெனி தனக்கு வரவேண்டிய கடன்களை மொத்தமாக இன்னொரு கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தது. இனிமேல் அங்கே கட்டவும் என்று பவுலினுக்கு மெசேஜ் வந்தது. மறுநாள் காலை வீட்டில் சத்தமே இல்லை. "யாக்கம்மா பவுலின், ஏன் இன்னிக்கி உன் வீட்டுக்காரரு இருமவே இல்ல?" என்று சந்திரம்மா மாடியிலிருந்து கன்னடம் கலந்து கேட்டார்.

புதுக் கம்பெனி ரிச்மண்ட் ரோட்டில் இருந்தது. லிஃப்ட் கதவு திறந்ததுமே பவுலினுக்குக் கேட்டது. ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் ஆம்ப்ரோஸ் இருமிக்கொண்டிருந்தார். வேலை செய்தவர்கள் யாரும் தலை நிமிரவில்லை. மேனேஜர் ஞானசேகரன் தர்மபுரிக்காரர், மோசமான மனிதர் இல்லை. உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

"கடனை வாங்கினா அதோட சேர்ந்ததெல்லாம் எங்களுக்கு வந்துரும்மா. அக்ரிமென்ட்டே அப்படித்தான்."

"என்னைய ஒரு வார்த்தை கேக்கலியே சார்?"

"கேக்கணும்னு இல்லம்மா. தெரிவிச்சாப் போதும்."

"கட்டி முடிச்சிட்டா அவரு வீட்டுக்கு வந்துருவாரா?"

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "முடிச்சிட்டா கணக்கே மூடிரும்மா. அப்புறம் எதுவும் இருக்காது. எங்கயும்."

அதனால் பவுலின் வட்டியை மட்டும் கட்டினாள், அதையும் நேரில் வந்து கட்டினாள். ரசீது வாங்கிக்கொண்டு ஜெராக்ஸ் மெஷின் அருகே உட்கார்ந்திருப்பாள். இரண்டு வருஷம் இப்படிப் போனது. ஒரு நாள் ஞானசேகரனே போன் செய்தார். கடன் ஒரு மும்பைக் கம்பெனிக்குப் போகிறது, மத்தியானத்துக்குள் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். சூப்பர்வைசர் பர்மிஷன் தரவில்லை. வேலை முடிந்து அவள் ஓடியபோது மெஷின் சத்தம் மட்டுமே இருந்தது.

மும்பைக்குப் போக அவளிடம் வழியில்லை. கட்டுவதை நிறுத்தினால் அவர்களே கூப்பிடுவார்கள் என்று தோன்றியது, நிறுத்தினாள். கூப்பிட்டார்கள். ஒருவன் இந்தியில் மிரட்டினான், அவனுக்குப் பின்னால், தூரத்தில், ஆம்ப்ரோஸ். "கொஞ்சம் பேசாம இருங்க சார், அவரு இருமறாரு" என்றாள். அவன் போனை வைத்துவிட்டான். தெருவில் எல்லோரும் கடன் வசூல் நம்பர்களைப் பார்த்து ஒளிந்தபோது பவுலின் முதல் மணியிலேயே எடுத்தாள்.

கடன் மறுபடி கைமாறியது, அதன்பிறகும் மாறியது. ஒவ்வொரு முறையும் குறைந்த விலைக்கே போனது, இருமலும் அதற்கேற்ப மெலிந்தது. கடைசியாக வாங்கியவர்கள் யாரையும் கூப்பிடுவதில்லை. மெசேஜ் மட்டும் அனுப்புகிறார்கள். பவுலின் அதைக் காதில் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் மெழுகுவர்த்தி வாங்கிப் போனார்கள். பவுலின் கல்லறைக்குப் போகவில்லை. மாதா கோயிலில், பூசையில் வாசிக்க இறந்தவர்கள் பெயர் எழுதிக்கொண்டிருந்த உபதேசியார் ஹெர்பர்ட் ஏனென்று கேட்டார்.

"அவரு அங்க இல்ல. எந்த ஊர்னும் தெரியல. கம்பெனி பேரு மட்டும் தெரியும்."

ஹெர்பர்ட் அதையும் எழுதிக்கொண்டார். பூசையில் சாமியார் ஆம்ப்ரோஸின் பெயரையும், தொடர்ந்து அந்தக் கம்பெனியின் பெயரையும் ஒரே குரலில் வாசித்தார். மற்ற இறந்தவர்களுக்குச் சொன்ன, இளைப்பாற்றி வேண்டும் பதில் ஜெபத்தையே ஜனங்கள் அதற்கும் சொன்னார்கள்.