இரண்டாவது இடது காது

1.

எங்கிருந்து வந்த கதை என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இதில் வரும் தம்பி நான்தான். ஆனாலும் ‘அவன்’ என்றே எழுதப்போகிறேன். ‘நான்’ என்று எழுதினால் கை தன்னால் தலையின் வலப்பக்கம் போய்விடுகிறது. அங்கே எதுவும் இல்லை.

ஏழு மாதங்களுக்கு முன் ஒரு விபத்து. வலது காதுமடல் போனது. காது கேட்கிறது. ஆனால் அவன் வீட்டைவிட்டு இறங்குவதில்லை. “காது வந்தாத்தான் வாசலைத் தாண்டுவேன்” என்று அக்காவிடம் சொல்லிவிட்டான்.

2.

முதல் தொடக்கம்: ‘அலுமினியம் மென்மையான உலோகம் என்பதால்—’

(அடித்துவிட்டேன். வெட்டுமுனை பிட்கள் மூன்றை முறித்த உலோகத்தை மென்மை என்பது அநியாயம்.)

அக்காவுக்கு ரப்பர் ஸ்டாம்பு செய்யும் தொழில். பதினாறு வருடம். சிலிகான் காது ஊற்ற அச்சு வேண்டும் என்று, பொழுதுபோக்குக்காரர்கள் வாங்கும், கணினி சொல்கிறபடி உலோகத்தைக் குடையும் சின்ன சிஎன்சி மெஷின் ஒன்றைச் சாப்பாட்டு மேசையில் ஏற்றிவிட்டாள். வெட்ட வேண்டிய அலுமினியக் கட்டி ஒன்றே ஒன்று. அதன் ஓரத்தில்தான் வெட்டிப் பழகினாள்.

“அக்கா, கத்துது!”

“கத்தட்டும். நீ பொறந்தப்ப இதைவிடக் கத்தின. யாராவது நிறுத்துனாங்களா?”

டக். உருகிய தூள் பிட்டில் ஒட்டி, பிட் இரண்டாகிவிட்டது.

கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. ஒரு தடவைக்கு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இறக்க வேண்டும். எண்ணெய் சொட்ட வேண்டும், தூளை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். சத்தம் கிறீச்சென்று இருந்தால் தப்பு, உஸ்ஸென்று இருந்தால் சரி. நேற்று ஆறு மணி நேரம் உஸ்ஸென்றே ஓடியது. ராத்திரியே குழியில் சிலிகானை ஊற்றி வைத்தாள்.

3.

‘இன்று மதியம் அச்சைத் திறந்தபோது அக்காவின் முகம்—’

(இதுவும் வேண்டாம். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளங்கையைத்தான் பார்த்தேன்.)

அவள் கையில் ஒரு காது இருந்தது. நரம்பு ஓடுவது போல அவ்வளவு உயிரோடு. அவன் கண்ணாடி முன் நின்று வலப்பக்கம் வைத்துப் பார்த்தான். காது பின்னால் யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பி நின்றது.

“அக்கா. இது இடது.”

“போடா, சரியா வை.”

“தலைகீழாவும் வெச்சுப் பாத்துட்டேன்.”

அக்கா அவன் இடது காதைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். மறுபடி காதைப் பார்த்தாள். பின்னால் நாற்காலி இருக்கிறதா என்று பார்க்காமலே உட்கார்ந்தாள். நல்லவேளை, இருந்தது.

* நடந்தது இதுதான்: இருந்த இடது காதை ஃபோனில் படமெடுத்து, கணினியில் வலதாகத் திருப்பினாள். கட்டியிலிருந்து அந்த வடிவைக் குடைந்தாலே வலது காது வந்திருக்கும். ஆனால் ஸ்டாம்பு எழுத்தை வெட்டும் முன் திருப்பிப் போடுவது அவள் கைப்பழக்கம். கை அதையும் ஒருமுறை திருப்பிவிட்டது.

4.

இருவரும் விழுந்து விழுந்து சிரித்ததாக ஒரு முடிவு எழுதினேன். பொய். அவன் காதைச் சுவரில் எறிந்ததாக இன்னொன்று. அதற்கு அவனிடம் தெம்பில்லை.

பிறகு அக்கா எழுந்து கட்டியைக் குப்புறக் கவிழ்த்து அளந்தாள்.

“கட்டி நாப்பது மில்லி கனம். குழி பதினெட்டு. பின்பக்கமும் அதே ஆழம் வெட்டினா நடுவுல நாலு மிஞ்சும்.”

“ஓட்டை விழுந்தா?”

“விழாது. ஆனா பிட் மழுங்கிடுச்சு. கடை மூணு தெரு தள்ளித்தான். போய் வாங்கிட்டு வா.”

“நானா? இப்படியேவா?”

“நான் கம்ப்யூட்டர்ல படத்தைத் திருப்பித் திருப்பி மறுபடி கெடுக்காம உக்காந்து சரிபாக்கணும். நீ போ.”

5.

இனி ‘அவன்’ வேண்டாம்.

ஒரு காலில் செருப்போடு வாசல்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கதை எழுதுவதே படி இறங்காமலிருக்கத்தான் என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். கடை ஆறு மணிக்கு மூடுகிறது. இப்போது ஐந்து இருபது. சட்டைப்பையில் இரண்டாவது இடது காது இருக்கிறது, ஏன் எடுத்து வைத்தேன் என்று தெரியவில்லை.

“டேய், போனியா இல்லியா?”

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இன்னொரு செருப்பைப் போட எனக்கு இரண்டு கையும் வேண்டும், பேனாவைக் கீழே